நோட்டீஸ் அனுப்ப முகவரி இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளி ஜவுளி சூடுபிடிக்கும் வாரங்களில், இணையத்தில் துணி வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அதன் கடைசி வரியும் ஆண்டுதோறும் ஒன்றேதான்: ‘நம்பகமான தளங்களில் மட்டும் வாங்குமாறு போலீசார் அறிவுறுத்தியுள்ளனர்.’ எது நம்பகமான தளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதை யாரும் சொல்வதில்லை. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம், இணைய விற்பனை, ஜிஎஸ்டி கணக்கு ஆகிய வேலைகளில் இருக்கும் சிலர் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் அழகைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாத வாடகைக்குக் கிடைக்கும் கடை மென்பொருளை வைத்து ஒரே மத்தியானத்தில் ஒரு சேலைக் கடையை இணையத்தில் திறந்துவிடலாம். மாடல் படங்கள், 4.8 நட்சத்திரம், ‘கோவையிலிருந்து ஒருவர் இப்போதுதான் வாங்கினார்’ என்று ஓரத்தில் எட்டிப்பார்க்கும் பெட்டி எல்லாமே அந்த மென்பொருளோடு வருபவை. முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டும் அப்படித்தான். நீங்கள் தட்டச்சு செய்வதை இடையில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும்தான் அது காட்டும், அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்பதை அல்ல. மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுள் குரோம் 2023-ல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

வாங்குகிறவர் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான். நாளைக்குத் தகராறு என்று வந்தால் நோட்டீஸ் யார் பெயருக்கு, எந்த முகவரிக்குப் போகும்? இதற்குப் பதில் இருக்கிற கடையில் துணி சுமாராக இருக்கலாம், தாமதமாக வரலாம், ஆனால் பணம் மொத்தமாகக் காணாமல் போவது அரிது. பதில் இல்லாத கடையில் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020, ஜூலை 23 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி இணையத்தில் விற்கும் நிறுவனம் தன் சட்டப்பூர்வப் பெயர், தலைமை அலுவலக முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண், குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாகப் போட வேண்டும். அந்த அலுவலர் புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். எனவே தளத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். ‘தொடர்புகொள்ள’ என்ற பக்கத்தில் பெயர், முகவரி எதுவும் இல்லாமல் நிரப்பி அனுப்பும் படிவமும் இலவச மின்னஞ்சல் முகவரியும் மட்டும் இருந்தால் அந்தக் கடை முதல் விதியிலேயே தவறிவிட்டது. திருப்பி அனுப்பும் கொள்கை என்ற பக்கத்தையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். அவசரத்தில் நகலெடுத்து ஒட்டியவர்கள் பழைய கடையின் பெயரை நடுவில் எங்காவது மாற்ற மறந்திருப்பார்கள். கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் காலி அடைப்புக்குறி கிடப்பதும் உண்டு. ஃபேஸ்புக், யூடியூப் சின்னங்களை அழுத்தினால் எங்கும் போகாமல் அதே பக்கம் திரும்ப வரும்.

முகவரி இருக்கிறது, எண்ணும் இருக்கிறது என்றால் அடுத்தது ஜிஎஸ்டி எண். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வேறெதையும் விட இது அதிகம் சொல்லும். மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாடு 33, கேரளம் 32, கர்நாடகம் 29, குஜராத் 24, புதுச்சேரி 34. ‘காஞ்சிபுரத்திலிருந்து நேரடியாக’ என்று விளம்பரம் செய்கிறவரின் எண் 33-ல் தொடங்காவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். அந்தப் பத்தில் நான்காவது, அதாவது மொத்தத்தில் ஆறாவது எழுத்து, கடை யாருடையது என்பதைக் காட்டும். ‘பி’ என்றால் தனி நபர், ‘எஃப்’ என்றால் பங்குதாரர் நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பெயர்ப்பலகை போட்டுவிட்டு ஆறாவது இடத்தில் ‘பி’ இருந்தால் ஏதோ இடிக்கிறது. பதினான்காவது எழுத்து பெரும்பாலும் ‘இசட்’ ஆகவே இருக்கும்.

அரசின் ஜிஎஸ்டி தளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ என்ற இடத்தில் இந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உள்நுழைவு, கட்டணம் எதுவும் கிடையாது. சட்டப்பெயர், கடைப்பெயர், பதிவு செய்த தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, தொழில் நடக்கும் இடம் எல்லாம் வரும். இவற்றோடு என்ன சரக்கு விற்கப் பதிவு செய்திருக்கிறார் என்பதும் குறியீட்டு எண்ணாக வரும். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். பட்டு 50-ல் தொடங்கும், பருத்தி 52, செயற்கை இழை 54, பின்னலாடை 61, மற்ற தைத்த ஆடைகள் 62. சேலைக் கடை போட்டிருக்கும் எண்ணுக்கு எதிரே இரும்புக் கம்பியும் சிமென்ட்டும் வந்தால் அது திருடிய எண். போலிகள் பெரும்பாலும் பொய் எண் போடுவதில்லை, வேறு யாருடைய உண்மையான எண்ணையோ எடுத்துப் போடுகிறார்கள். அதனால் ‘எண் இருக்கிறதே’ என்று திருப்திப்பட்டு விடாமல், ஜிஎஸ்டி தளத்தில் வரும் பெயர், கடையில் போட்ட பெயர், பணம் போகும் கணக்கின் பெயர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜிஎஸ்டி எண் இல்லாதவர்கள் எல்லாம் மோசடிக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்று, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வியாபாரிக்குப் பதிவு கட்டாயமில்லை. இளம்பிள்ளையிலும் சின்னாளபட்டியிலும் சரக்கெடுத்து வீட்டில் இருந்தபடி வாட்ஸ்அப் குழுவில் விற்கும் பெண்களில் பெரும்பாலோர் இந்த வகை. நாணயமாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் ‘இந்தியா முழுவதும் டெலிவரி’ என்று அறிவித்துவிட்டு எண் எங்கே என்று கேட்டால் ‘நாங்கள் சின்னக் கடை’ என்பவரிடம் எச்சரிக்கை தேவை. வரிக்குரிய சரக்கை வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது, ஒரு சில விலக்குகள் தவிர, விற்றுமுதல் எவ்வளவு என்றாலும் பதிவு வேண்டும்.

சிறு வியாபாரியைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. வீடியோ காலில் சேலையைக் காட்டச் சொல்லுங்கள். சரக்கு கையில் இருப்பவர் தயங்க மாட்டார். முன்பக்கத்தைக் காட்டினால் போதாது, முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் காட்டச் சொல்ல வேண்டும். ஜரிகையும் ஊடை நூலும் ஓடியிருக்கும் விதம் அங்கேதான் தெரியும். உடலும் கரையும் வேறு நிறத்தில் இருக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை என்றால் இரண்டும் சேரும் இடத்தைப் பின்பக்கத்தில் பார்க்கலாம். ‘இப்போ கடையில் இல்லை, கிடங்கில் இருக்கிறது, படம் அனுப்புகிறேன்’ என்று மூன்று தரம் தள்ளிப்போடுகிறவரிடம் சரக்கு இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்பதையும் பார்க்கலாம். ‘ஹூ இஸ்’ என்று தேடினால் அதற்கென்றே இலவசப் பக்கங்கள் வரும், அங்கே தளத்தின் பெயரைப் போட்டால் பதிவான தேதி கிடைக்கும். ‘1987 முதல் மூன்று தலைமுறையாக’ என்று முகப்பில் எழுதியிருக்கும் தளம் மூன்று வாரத்துக்கு முன் பதிவானதாக இருந்தால் யோசியுங்கள். பழைய கடை புதிதாக இணையத்துக்கு வருவதும் உண்டுதான். ஆனால் அப்படிப்பட்ட கடைக்கு ஒரு தெரு இருக்கும், பக்கத்துக் கடைக்காரர்கள் இருப்பார்கள், அங்கே போய்வந்தவர்கள் வரைபடத்தில் போட்ட பழைய படங்கள் இருக்கும். பெரிய ஜவுளிக்கடைகளின் பெயரில் போலித் தளம் வைப்பவர்கள் பெயரோடு ‘ஆஃபர்’, ‘சேல்’, ‘ஆன்லைன்’ என்று ஒரு சொல்லைக் கோடு போட்டு ஒட்டிக்கொள்வார்கள். தளத்தின் முகவரியில், தொடக்கத்தில் வரும் ‘https://’ என்பதை விட்டுவிட்டு, முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் சொல்லும் அதையடுத்த ‘டாட் காம்’, ‘டாட் இன்’, ‘டாட் ஷாப்’ என்பதும்தான் உண்மையான முகவரி. அதற்கு இடப்பக்கம் எந்தப் பெரிய கடையின் பெயர் இருந்தாலும் அது அலங்காரம். அரசு சார்ந்த கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் பெயரில் வரும் தளம் ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

இனி விலை. இதில் எங்களுக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் ஏமாறுகிறவர்களில் பலர் துணியின் அடக்கம் தெரியாமல் ஏமாறுகிறார்கள்.

‘ப்யூர் காஞ்சிபுரம் பட்டு, 999 ரூபாய்’ என்ற விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ரவிக்கைத் துணியோடு சேர்த்து ஆறு மீட்டருக்கு மேல் நீளம். எடை சாதாரணமாக அரை கிலோவைத் தாண்டும். ஜரிகையைக் கழித்து, பட்டு நூல் 400 கிராம்தான் என்று குறைத்தே வைப்போம். நூல் விலையையும் கிலோ 4,000 ரூபாய் என்று தாழ்த்தியே போடுவோம். நூலுக்கே 1,600 ரூபாய் ஆகிவிட்டது. முறுக்கு, சாயம், பாவு, ஜரிகை, தறியில் உட்கார்ந்து நாள்கணக்கில் நெய்தவரின் கூலி எதுவும் இன்னும் சேரவில்லை. 999-க்கு வருவது பாலியஸ்டராக இருக்கும், இல்லையென்றால் ஒன்றுமே வராது.

பாலியஸ்டர் சேலை விற்பது குற்றமில்லை. சூரத்திலிருந்து வரும் ‘லிச்சி சில்க்’, ‘ஆர்ட் சில்க்’, இங்கே விசைத்தறியில் ஓடும் ‘செமி சில்க்’, ‘சாஃப்ட் சில்க்’ எல்லாம் அறுநூறு, எழுநூறு ரூபாயில் கௌரவமாக விற்கின்றன, வாங்குகிறவர்களும் தெரிந்தே வாங்குகிறார்கள். ‘சில்க்’ என்ற சொல்லுக்கு முன்னால் இந்த மாதிரி ஓர் ஒட்டுச்சொல் இருந்தால் அது பட்டு இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். மோசடி தொடங்குவது அந்த ஒட்டுச்சொல்லைத் தின்றுவிட்டு ‘பட்டு’ என்று மட்டும் எழுதும் இடத்தில். சில்க் மார்க் முத்திரையைப் படத்தில் காட்டினால் அதை அப்படியே நம்ப வேண்டாம். முத்திரைச் சீட்டு ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு, சேலை கைக்கு வந்தபின் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். அதுவும் நூல் அசல் பட்டு என்பதற்குத்தான் சான்று. ஜரிகை வெள்ளியா செம்பா, சேலை காஞ்சிபுரத்தில் நெய்ததா என்பதற்கு அது பொறுப்பல்ல. காஞ்சிபுரம் பட்டுக்கான புவிசார் குறியீடு தனி.

அடுத்தது ‘திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், ஐந்து டி-ஷர்ட் 499, டெலிவரி இலவசம்’. திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்கு நேரில் போய்ப் பொறுக்கினால் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக்கே வருவதற்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தித் துணியில் பெரிய அளவு டி-ஷர்ட் ஒன்று ஏறக்குறைய 200 கிராம் இருக்கும். வெட்டுக்கழிவோடு 240 கிராம் துணி போகும். சாயமிட்ட துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் துணிக்கு 96 ரூபாய். வெட்டு, தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து 40 என்று வைத்தால் 136. ஐந்துக்கு 680 ரூபாய். இனி ஒரு கிலோ பார்சலுக்குக் கூரியர் செலவு, விளம்பரத்துக்குக் கொடுத்த காசு, வரி. 499-க்குக் கொடுப்பவர் ஒவ்வொரு பார்சலிலும் நஷ்டப்பட வேண்டும். யாரும் நஷ்டப்பட்டு விளம்பரம் செய்வதில்லை. பெரிய பிராண்டின் பெயரில் ‘90 சதவீதத் தள்ளுபடி, கிடங்கு காலி’ என்று வருவதும் இந்த இனம்தான்.

நாணயமான கடையின் பொருள் விவரத்தில் சலிப்பூட்டும் அளவுக்குத் தகவல் இருக்கும். நூல் வகை, சேலை நீளம், ரவிக்கைத் துணி தனியா சேர்ந்தா, எப்படித் துவைப்பது, அளவுப் பட்டியல் அங்குலத்தில். 2018 ஜனவரி முதல், பொட்டலமிட்ட பொருளை இணையத்தில் விற்பவர் தயாரிப்பாளர் பெயர், அதிகபட்ச சில்லறை விலை போன்றவற்றைத் தளத்திலேயே காட்ட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. போலிக் கடையில் ‘பிரீமியம் குவாலிட்டி ஃபேப்ரிக்’ என்ற மூன்று சொல்லோடு முடிந்துவிடும்.

படத்தை வைத்துத் தேடிப் பார்க்கும் வசதியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரே படம் பத்துக் கடையில் வந்தால் பத்தும் போலி என்று முடிவு கட்டக்கூடாது. சூரத் மொத்த வியாபாரி கேட்லாக் படம் எடுத்துக் கொடுப்பார், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ரீசெல்லர்கள் அதையே போட்டு விற்பார்கள். இதில் ஒளிவுமறைவு இல்லை. வேறு இரண்டு விஷயத்தைப் பாருங்கள். அதே படம் மற்ற எல்லா இடத்திலும் 1,400, 1,500 என்று இருக்க, இங்கே மட்டும் 399 என்றால் அது கெட்ட அறிகுறி. காஞ்சிபுரத்துப் பெயர் பெற்ற கடையொன்றின் மாடல் படத்தில் மூலைச் சின்னத்தை மழுங்கடித்துப் போட்டிருந்தால் அதைவிடக் கெட்ட அறிகுறி.

கடையின் தளத்திலேயே இருக்கும் விமர்சனங்களுக்கு மதிப்பில்லை, கடைக்காரரே எழுதிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பாராட்டுகளின் ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே. இன்ஸ்டாகிராமில் வாங்கியவர்கள் தாங்களே கட்டிப் படம் எடுத்துக் கடையை ‘டேக்’ செய்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதைப் போலியாக உருவாக்குவது கடினம். பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுதும் வசதியை மூடிவைத்திருக்கும் துணிக்கடை எதையோ மறைக்கிறது. கணக்கின் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் ‘அபவுட் திஸ் அக்கவுன்ட்’ என்று வரும். எப்போது தொடங்கினார்கள், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள், முன்பு வேறு பெயர் இருந்ததா என்பதெல்லாம் அங்கே கிடைக்கலாம். ஃபேஸ்புக்கில் ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’. போன வருடம் கிரிக்கெட் ரசிகர் பக்கமாக இருந்தது இந்த வருடம் பட்டு மாளிகை ஆகியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். பின்தொடர்பவர்களோடு சேர்த்துப் பக்கத்தையே விலைக்கு வாங்குவது இந்தத் தொழிலில் சகஜம்.

‘இன்னும் 9 நிமிடம் 42 நொடி’ என்று ஓடும் கடிகாரத்துக்குப் பயந்தவர்கள் பக்கத்தை ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள். பத்து நிமிடத்திலிருந்து மறுபடி தொடங்கினால் அது பொம்மைக் கடிகாரம். இப்படிப் பொய் அவசரம் காட்டுவதை மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகத் தடை செய்திருக்கின்றன. பெரிய தளங்களிலும் இந்த வியாதி இருப்பதால் இதை மட்டும் வைத்துக் கடையைப் போலி என்று சொல்லிவிட முடியாது.

பணம் கட்டும் திரைதான் கடைசிச் சோதனைச் சாவடி. அட்டை, நெட் பேங்கிங் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு கியூஆர் குறியை மட்டும் நீட்டும் தளத்தில் நின்றுவிடுங்கள். ஸ்கேன் செய்ததும் பெறுபவரின் பெயர் வரும். 2025 நடுப்பகுதியிலிருந்து யுபிஐ செயலிகள் வங்கியில் பதிவான பெயரையே இங்கே காட்ட வேண்டும், பெறுபவர் தானே வைத்துக்கொண்ட பட்டப்பெயரைக் காட்டக்கூடாது. அந்தப் பெயரை ஜிஎஸ்டி தளத்தில் பார்த்த பெயரோடு ஒப்பிடுங்கள். கடை ஆரணியில், பணம் போவது முன்பின் தெரியாத தனிநபர் பெயருக்கு என்றால் ரகசியப் பின் (PIN) எண்ணைத் தட்ட வேண்டாம்.

எப்படிக் கட்டுகிறோம் என்பதும் முக்கியம். கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வரவில்லை என்று அட்டை கொடுத்த வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம், வங்கி கடைக்காரரின் வங்கியிடம் கேள்வி கேட்கும். தனிநபர் கணக்குக்கு யுபிஐ-யில் அனுப்பிய பணத்துக்கு அப்படிப்பட்ட பிடி கிடையாது. அனுமதியில்லாமல் நடந்த பரிமாற்றங்களில் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு வைத்து ரிசர்வ் வங்கி 2017-ல் வகுத்த விதிகள் இத்தகைய பரிமாற்றத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. பின் எண்ணைப் போட்டு அனுப்பியது நீங்களே என்று வங்கி சொல்லிவிடும்.

‘பொருள் வந்தபிறகு பணம்’ என்றால் பயமில்லை என்ற எண்ணம் பாதிதான் சரி. பெரும்பாலும் பார்சலைப் பிரிப்பதற்கு முன்பே டெலிவரி செய்பவரிடம் பணம் கொடுத்தாக வேண்டும். உள்ளே பழைய துணி இருந்தாலும் அவருக்குத் தெரியாது, அவரைத் திட்டிப் பயனில்லை. பணம் கொடுப்பதற்கு முன் பார்சல் மீதுள்ள லேபிளைப் படியுங்கள். அனுப்புநர் பெயரும் திருப்பி அனுப்பும் முகவரியும் அங்கே இருக்கும். நீங்கள் ஆர்டர் செய்த கடையோடு எந்தத் தொடர்பும் இல்லாத பெயர் என்றால் வாங்காமல் திருப்பிவிடலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. வாங்குவதாக முடிவு செய்தால் லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு, லேபிள் தெரிய ஒட்டு பிரியாத பார்சலிலிருந்து தொடங்கி, நடுவில் நிறுத்தாமல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ‘ஆர்டரை உறுதி செய்ய 99 ரூபாய் முன்பணம்’, ‘பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, திருப்பித் தரக்கூடிய வரி கட்டுங்கள்’, ‘முகவரி தவறு, ஐந்து ரூபாய் கட்டித் திருத்துங்கள்’ என்று வரும் செய்திகளுக்குப் பதில் அனுப்பாதீர்கள். பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்க வாட்ஸ்அப்பில் ஒரு செயலிக் கோப்பை அனுப்பினால் அதை நிறுவவே கூடாது. வங்கிக் கடவுச்சொல் குறுஞ்செய்திகளைப் படிக்கத்தான் அது வருகிறது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால், முதல் அழைப்பு சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு. கடைக்குப் பத்து முறை போன் போட்டுக் கெஞ்சிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும். முதல் சில மணி நேரத்தில் புகார் போனால் பணம் இருக்கும் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. பரிமாற்ற ரசீதில் இருக்கும் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றத் தளத்தில் எழுத்து மூலமாகவும், உங்கள் வங்கியிலும் பதிவு செய்யுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கடையின் ‘கஸ்டமர் கேர்’ எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்யச் சொல்லும் இரண்டாவது கும்பல் அங்கேதான் காத்திருக்கும். நம் கணக்குக்குப் பணம் வர யுபிஐ பின் (PIN) எண் தேவையே இல்லை.

பொருள் வந்தது, ஆனால் காட்டியது வேறு, அனுப்பியது வேறு என்றால் அது நுகர்வோர் வழக்கு. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க 2020 விதிகள் இடம் தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் எதிர்மனுதாரர் என்ற இடத்தில் பெயரும் முகவரியும் நிரப்பியாக வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் புகார் நகராது. வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்துப் பார்க்க வேண்டிய விவரமும் அதுதான்.

ஆசிரியர் அவர்களிடம் மூன்று கோரிக்கைகள். உங்கள் இணையப் பதிப்பில் செய்திக்கு நடுவே வரும் தானியங்கி விளம்பரங்களில் நாங்கள் மேலே சொன்ன வகைக் கடைகளும் வருகின்றன. சைபர் மோசடிச் செய்திக்குக் கீழேயே வருவதும் உண்டு. குறிப்பிட்ட விளம்பரதாரர்களைத் தடுக்கும் வசதி பத்திரிகைகளுக்கு இருக்கிறது, வாசகர் புகார் செய்ய விளம்பரத்துக்குக் கீழே ஓர் இணைப்பும் கொடுக்கலாம். இரண்டாவது, அச்சில் வரும் பண்டிகைக் கால வரி விளம்பரங்களைப் பெறும்போது ஜிஎஸ்டி எண் கேட்டு அதையும் சேர்த்தே அச்சிடுங்கள். எண் இல்லாத சிறு வியாபாரி என்றால் முகவரியையாவது அச்சிடுங்கள். மூன்றாவது, ஏமாற்றுச் செய்திகளில் ‘இணையதளம் ஒன்றில்’ என்று பொதுவாக எழுதாதீர்கள். முதல் தகவல் அறிக்கையில் இருக்கும் தளத்தின் பெயர், பக்கத்தின் பெயர், பயன்படுத்திய கைபேசி எண் ஆகியவற்றை அப்படியே வெளியிடுங்கள். இவர்கள் தளத்தின் பெயரை வாரத்துக்கு ஒன்றாக மாற்றினாலும் கைபேசி எண்ணையும் திருடிய ஜிஎஸ்டி எண்ணையும் அவ்வளவு சீக்கிரம் மாற்றுவதில்லை. அடுத்த ஊரில் ஒருவர் பணம் கட்டுவதற்கு முன் அந்த எண்ணைத் தேடினால் உங்கள் செய்தி அவர் கண்ணில் பட வேண்டும்.

இப்படிக்கு,
ஜவுளி, இணைய விற்பனை, கணக்குப் பணிகளில் இருக்கும் வாசகர்கள் சிலர்,
ஈரோடு.